பொங்கல் வைத்து வளர்த்த வில்லன்

தருமபுரியில் ஞாயிறு தோறும் எங்கள் மொட்டைமாடியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் கற்பனை விளையாட்டு அது. கதை நடத்துவது நான். வில்லன் ஒரு லிச், அதாவது செத்தும் சாகாத மந்திரவாதி. 5ஆம் பதிப்பின் 2014 விதிப்படி, உயிரை ஒளித்த பேழை இருக்கும்வரை அவனைக் கொன்றாலும் 1 முதல் 10 நாளில் புது உடம்போடு எழுந்துவிடுவான். எங்கள் ஆட்கள் குகையில் பேழையை உடைத்துவிட்டுப் போண்டா சாப்பிடப் போய்விட்டார்கள். பயமே இல்லை.

அப்புறம் இங்குள்ள அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்தபோது பொறி தட்டியது. பேழையைத் தூக்கிவிட்டு, உயிரை ஒரு நடுகல்லில் வைத்தேன். அதற்கு ஆண்டுதோறும் பொங்கல் வைப்பது என் தம்பி ஆடும் வீராங்கனையின் குடும்பம். விதியில் லிச் ஆன்மாக்களைத் தின்றுதான் நிலைக்கும். நான் அதைத் தலைமுறைக்கு ஒரு தலைச்சன் பிள்ளை என்று மாற்றினேன்.

"அண்ணா, அப்போ இத்தனை வருஷமா நாங்கதான் சோறு போட்டோமா?" உருட்ட எடுத்த பகடை தம்பி கையிலேயே நின்றது.

ஒரு ஓட்டை இருந்தது: வாரிசு செத்தால் கதை முடிந்துவிடும். சரி, சாபம் பங்காளி வீட்டுக்குத் தாவும் என்று வைத்தேன். குலப்பெயரைத் துறந்தால் மட்டும் கட்டு அறும். தம்பி இரண்டு வாரமாக யோசிக்கிறான்.