அப்பத்தா கும்மிப்பாட்டும் 64 கேபிபிஎஸ் எம்பி3யும்

கானாடுகாத்தான் வீட்டு வளவுல அப்பத்தாவும் மத்த ஆச்சிகளும் கும்மியடிச்சுப் பாடுன கேசட் ஒன்னு இருந்துச்சு, அதைக் கடையில குடுத்து எம்பி3யா மாத்தி வாங்கிட்டு வந்து கேட்டா ஒவ்வொரு கைதட்டுக்கும் முன்னாடியே 'ஷ்'னு ஒரு இரைச்சல், குரலும் தண்ணிக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி. மனசே விட்டுப்போச்சு.

கேசட் தேஞ்சிருச்சோன்னு பயந்து டேப்புல போட்டுப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு. அப்புறந்தான் ஃபைலைப் பாத்தா பிட்ரேட், அதாவது ஒரு செகண்டு சத்தத்துக்குச் செலவழிக்கிற டேட்டா, வெறும் 64 கேபிபிஎஸ் (கிலோபிட்). எம்பி3 சத்தத்தைச் சின்னச் சின்ன துண்டா வெட்டித்தான் சுருக்கும், பிட்ரேட் பத்தலைன்னா அதுல வர்ற பிழை அந்தத் துண்டு பூரா பரவிரும், அதான் தட்டுறதுக்கு முன்னாடியே கேக்குது, கைதட்டு, ஜால்ரா மாதிரி பட்டுனு வர்ற சத்தத்துலதான் இது நல்லா மாட்டும். அதே ஃபைலை 320க்கு மாத்துனாலும் போனது போனதுதான்.

திரும்ப டேப்புலேர்ந்து யூஎஸ்பி சவுண்ட் கார்டு வழியா ஆடாசிட்டிங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ரெக்கார்டு பண்ணி ஃபிளாக்ங்கிற ஃபைலா வச்சுக்கிட்டேன், அதுல எதுவும் தொலையாது. அதுலேர்ந்து லேம்ங்கிற எம்பி3 சாஃப்ட்வேர்ல வி2ங்கிற தர அளவு வச்சு ஒரு எம்பி3 எடுத்தேன், சராசரியா 190 கேபிபிஎஸ் பக்கம் வரும். ரெண்டையும் ஃபூபார்ங்கிற பிளேயர்ல ஏபிஎக்ஸ்ங்கிற ஒப்பீட்டு டெஸ்ட் போட்டு எது எதுன்னு தெரியாம 16 தடவை கேட்டேன், வித்தியாசம் பிடிபடவே இல்ல. வால்யூமை மட்டும் சமமா வச்சுக்கங்க, ஏன்னா சத்தம் கொஞ்சம் கூட இருந்தாலே அதுதான் நல்லா இருக்குன்னு காது சொல்லிரும்.

போனுக்கு ஓபஸ்ங்கிற இன்னொரு சுருக்குற ஃபைல் வகையில 96 கேபிபிஎஸ்ல அனுப்புனேன். அத்தை கேட்டுட்டு, "எங்க ஆத்தா குரலுடா இது"ன்னு அழுதுட்டாங்க.