மண்ணோடு வரும் மரவள்ளி: வகுப்பில் உள்ளூர் உணவுப் பாடம்

நாசி லெமாக், தோசை, ரொட்டி சானாய் என்று படங்களை அட்டையில் ஒட்டி நடத்தும் உணவுப் பாடத்தில் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. அவற்றை அவர்கள் அன்றாடம் சாப்பிடுகிறார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்ப் பள்ளியில் ஒரே ஒரு மரவள்ளிக்கிழங்கை மண் ஒட்டியபடியே மேசையில் வையுங்கள். 30 பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரப் பாடம் அதற்குள் இருக்கிறது.

வாங்க வேண்டியவை

தோலோடு 3 கிலோ கிழங்கு, ஒரு தேங்காயின் துருவல், உப்பு, நடுவதற்கு ஆறு தண்டுகள். தோல் சீவினால் கிழங்கு ஏறக்குறைய இரண்டேகால் கிலோ தேறும். ஆளுக்கு இரண்டு துண்டு கிடைக்கும். அன்று காலையோ முதல் நாளோ பிடுங்கிய கிழங்கு வேண்டும். இரண்டு மூன்று நாளானால் உள்ளே கருநீலக் கோடுகள் ஓடிவிடும், ருசியும் கெடும். வாங்கும்போதே ஒன்றை முறித்துப் பாருங்கள், வெள்ளையாக இருந்தால் எடுங்கள்.

சாலையோரம் தானாக முளைத்த செடியைப் பிடுங்காதீர்கள். மரவள்ளியில் சயனைடு தரும் பொருள் உண்டு. கசப்பு வகையில் அது அதிகம், வெறுமனே வேகவைத்தால் முழுதாகப் போகாது. செடியைப் பார்த்து வகையைச் சொல்லிவிட முடியாது. ஆகவே வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களின் கொல்லையிலிருந்தோ சந்தையிலிருந்தோ மட்டும் வாங்குங்கள்.

முதலில் பால்

இளந்தண்டு ஒன்றைப் பிள்ளைகள் எதிரில் நறுக்குங்கள். பால் கசியும். "இப்படி வேறு எதில் பால் வடியும்?" என்று கேளுங்கள். பால்மரம் என்று யாராவது சொல்வார்கள். ரப்பரும் மரவள்ளியும் ஒரே தாவரக் குடும்பம், இரண்டுக்கும் பூர்வீகம் தென் அமெரிக்கா. ரப்பர் விதைகள் 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. அங்கே முளைத்த கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அதே காலத்தில் நட்ட மரம் ஒன்று பக்கத்துக் கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது.

"அப்போ இது நம்ம ஊர் சாப்பாடு இல்லையா, டீச்சர்?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், மழுப்பாதீர்கள். மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஓர் ஊரார் நட்டு, சமைத்து, பசிக்கு அதை நம்பி வாழ்ந்தால் அது அவர்கள் உணவு. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில், 1941 டிசம்பர் முதல் 1945 வரை, வெளிநாட்டு அரிசி வரத்து சுருங்கியபோது தோட்டத்து மக்களின் வயிற்றை நிரப்பியது மரவள்ளிதான். முதல் நாளே வீட்டுப் பாடம் கொடுங்கள்: வீட்டில் மூத்தவரிடம் மரவள்ளி பற்றி ஒரு செய்தி கேட்டு வர வேண்டும்.

வேகவைத்தல்

கத்தி பெரியவர்கள் கையில் இருக்கட்டும். கிழங்கை விரல் நீளத் துண்டுகளாக்கி, தோலில் நீளவாட்டில் ஒரு கீறல் போடுங்கள். பழுப்புத் தோலையும் அதன் அடியில் உள்ள தடித்த தோலையும் பிள்ளைகள் சேர்த்தே உரித்தெடுக்கலாம். நச்சு அந்தத் தோலில்தான் மிகுதி. மேல்தோலை மட்டும் சுரண்டி விட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு. துண்டைப் பிளந்து நடு நரம்பை எடுத்துவிடுங்கள். பச்சையாக யாரும் கடிக்கக் கூடாது.

கிழங்கு நன்றாக மூழ்கும் அளவு தண்ணீர் வைத்து, மூடாமல் 25 முதல் 30 நிமிடம் கொதிக்க விடுங்கள். முள்கரண்டி சிரமமில்லாமல் இறங்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், எதற்கும் பயன்படுத்தாதீர்கள். எவ்வளவு நேரமானாலும் நார் நாராக நின்றால் கிழங்கு முற்றிவிட்டது, அடுப்பில் குற்றமில்லை.

தேங்காய்த் துருவலில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு 5 நிமிடம் ஆவியில் வையுங்கள். நம் வெக்கைக்குப் பச்சைத் துருவல் மதியத்துக்குள் புளித்துவிடும்.

நடுதல்

தண்டின் நடுப்பகுதியில் 20 முதல் 25 சென்டிமீட்டர், ஐந்தாறு கணுவோடு வெட்டுங்கள். கணுவின் மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி, பாதித் தண்டு மண்ணுக்குள் போகச் சாய்த்து ஊன்றுங்கள். பிள்ளைகள் தலைகீழாக நட்டுவிடுவார்கள். மேல்முனையில் முன்பே சாயம் தடவி வைத்தால் குழப்பமில்லை. செடிக்குச் செடி ஒரு மீட்டர் இடைவெளி. தண்ணீர் தேங்கும் இடத்தில் கிழங்கு அழுகும். செம்பனைக் காடு பக்கத்தில் இருந்தால் காட்டுப்பன்றி வரும், வேலி கட்டாமல் நடாதீர்கள். 8 முதல் 10 மாதத்தில் பிடுங்கலாம். அதுவரை கொழுந்தைக் கறிக்கு அளவோடு பறியுங்கள். செடியை மொட்டையடித்தால் கிழங்கு பருக்காது.