மீன் உடம்பு மாதிரி ஒரு ஹைட்ரோஃபோன் உறை

மீனின் சதை ஒலிக்குத் தண்ணீர் மாதிரிதான். அலை தடையின்றி உள்ளே போகும். உள்காதில் உள்ள அடர்த்தியான காதுக்கல் மட்டும் பின்தங்கி அசைய, மயிரணுக்கள் அதை உணர்கின்றன. ஹைட்ரோஃபோன் என்பது தண்ணீருக்கடியில் ஒலியைப் பிடிக்கும் மைக்; அதன் உறையும் அப்படித் தண்ணீரை ஒத்திருக்க வேண்டும்.

நான் அதிர்வை மின்சாரமாக மாற்றும் 27 மி.மீ. பீசோ தட்டைப் பாலியூரித்தேன் பிசினில் வார்க்கிறேன். ஒலிவேகம் தண்ணீரில் போலவே நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

பல மீன்களுக்குக் கேட்கக் காற்றுப்பை உதவும். ஆனால் நம் வார்ப்பில் காற்றுக்குமிழி ஒலியைச் சிதறடிக்கும். என் முதல் வார்ப்பு அதனால்தான் வீணானது. பிசினை மெதுவாகக் கலக்குங்கள், வெற்றிடக் கலனில் நுரை பொங்கி அடங்கும்வரை வையுங்கள். அப்புறம் அச்சின் ஓரமாக, நூல் போல ஊற்றுங்கள்.

கேபிள் நுழையும் இடத்தில்தான் தண்ணீர் கசியும். அதன் மேலுறையை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்தபிறகே வார்ப்பைத் தொடங்குங்கள்.