சந்தையைப் பார்த்துச் சமையல்: குமரி மாவட்டத்தில் மளிகைச் செலவைக் குறைக்கத் தொடங்குவது எப்படி?

நம் மாவட்டத்தில் நன்றாகச் சாப்பிட நிறையப் பணம் வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவே வயல், தென்னை, வாழை, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு). இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் மாதக் கடைசியில் மளிகைக் கணக்கைப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்றால், பெரும்பாலும் நாம் வாங்கும் முறையில்தான் கோளாறு.

"ஞாயிற்றுக்கிழமை நெய்மீன் (வஞ்சிரம்), திங்கட்கிழமை காலிஃபிளவர்" என்று முதலில் முடிவு செய்கிறோம். அப்புறம் கடைக்குப் போகிறோம். அன்றைக்கு அதற்கு என்ன விலையோ அதைக் கொடுத்தாக வேண்டும். இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். சந்தையில் எது மலிந்து கிடக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்பச் சமையலை முடிவு செய்யுங்கள். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு மாற்றத்தை ஒட்டித்தான் வருகிறது.

படி 1: ஒரு மாதம் எழுத மட்டும் செய்யுங்கள்

ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள். அரிசி-மளிகை ஒன்று. மீன், இறைச்சி, முட்டை, பால் ஒன்று. காய், பழம், தேங்காய் ஒன்று. கடைசிப் பத்தியில் பேக்கரி, சிப்ஸ், பார்சல், சாயங்காலம் வாங்கும் ரசவடையும் பழபஜ்ஜியும். இந்த மாதம் எதையும் குறைக்க முயல வேண்டாம். வழக்கம்போல வாங்குங்கள், ஆனால் பத்து ரூபாயையும் விடாமல் எழுதுங்கள். எந்தப் பத்தி வீங்கியிருக்கிறது என்று தெரியாமல் கை வைத்தால், பாலையும் முட்டையையும் வெட்டிவிட்டு சிப்ஸை விட்டுவிடுவோம்.

படி 2: ரேஷன் கடையிலிருந்து தொடங்குங்கள்

அரிசி அட்டை இருந்தால் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியில் பருப்பு என்ன விலை விற்கிறது என்று உங்களுக்கே தெரியும். இருந்தும் "அந்த அரிசி எங்களுக்குச் சரிப்படாது" என்று பலர் கடைப்பக்கமே போவதில்லை. சோற்றுக்குப் பிடிக்காவிட்டால் வேண்டாம், இட்லி-தோசை மாவுக்கும் இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் அது தாராளமாகப் போதும். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று அரைத்தால் இட்லி நன்றாகவே வரும். கடையில் விற்கும் மாவுப் பாக்கெட்டை நிறுத்தினாலே மாதத்தில் நல்ல தொகை மிஞ்சும்.

படி 3: எதை எப்போது வாங்குவது

கெடாத சாமான்களை மாதம் ஒரு முறை, பட்டியல் எழுதி, ஒரே கடையில் வாங்குங்கள். காய்கறி வாரம் இரண்டு முறை. நாகர்கோவில் பக்கம் இருப்பவர்களுக்கு வடசேரியில் உழவர் சந்தையும் கனகமூலம் சந்தையும் இருக்கின்றன. உழவர் சந்தையில் அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கனகமூலம் சந்தைக்குள் போனால் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும். மேற்கே இருப்பவர்களுக்கு மார்த்தாண்டம் சந்தையும் திங்கள்சந்தையும் உண்டு.

வாங்கும்போது நம் ஊர்க் காய்களை முதலில் பாருங்கள்: தடியங்காய் (வெள்ளைப் பூசணி), வழுதலங்காய் (கத்தரி), பயற்றங்காய், வெள்ளரிக்காய், சேனை, சேம்பு. முருங்கை இலை பெரும்பாலும் காசே கேட்காது, பக்கத்து வீட்டில் சும்மாவே கிடைக்கும். குளிர் மலைப் பிரதேசத்திலிருந்து வண்டியேறி வரும் காய்களை மலிவாகக் கிடைக்கும் நாளில் மட்டும் எடுங்கள்.

படி 4: மீன்

நம் வீடுகளில் பெரிய செலவும் இதுதான், பெரிய மிச்சமும் இங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், பெரிய மீன்தான் நல்ல மீன் என்ற நினைப்பை விடுங்கள். சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி), நெத்திலி மூன்றும் சத்தில் நெய்மீனுக்குக் குறைந்தவை அல்ல. 100 கிராம் சாளையில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. இதயத்துக்கு நல்லது என்று சொல்லும் ஒமேகா-3 கொழுப்பு சாளையில் ஏராளம். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் சேர்ந்து கிடைக்கிறது. இவற்றை மலிவு மீன் என்று ஒதுக்கிவிட்டு, விருந்தாளி வந்தால் வெளியே எடுக்கக் கூசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை. நல்ல சாளைக்கறிக்கு ஈடாக எந்த விலையுயர்ந்த மீனையும் நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, கூறு வைத்து விற்கும் இடத்தில் ஒரு கூறு எத்தனை கிலோ இருக்கும் என்று கண்ணால் மதிக்கப் பழகுங்கள். ஆரம்பத்தில் வாங்கிய கூறை வீட்டில் நிறுத்துப் பாருங்கள். கொஞ்ச நாளில் கண்ணே சொல்லிவிடும். விலையைச் சுத்தம் செய்த எடைக்குக் கணக்கிட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். தலை பெருத்த மீன் கிலோ விலையில் மலிவாகத் தெரியும், சட்டிக்குள் போகும்போது பாதிதான் இருக்கும்.

மூன்றாவது, புதிய மீனைக் கண்டுபிடிப்பது. கண் தெளிவாக, சற்றுப் புடைத்து இருக்க வேண்டும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். சாளையில் வயிற்றைப் பாருங்கள்: பழசானால் முதலில் வயிறுதான் உடையும். வழக்கமாக ஒரே அக்காவிடம் வாங்குவது நல்லது. "மக்களே, இண்ணைக்கு அயிலை வேண்டாம், சாளை எடு" என்று அவரே சொல்லிவிடுவார். அந்த ஒரு வார்த்தை பேரம் பேசி மிச்சப்படுத்தும் பணத்தைவிட மேல்.

நான்காவது, தடைக்காலம். விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடை. இரண்டுமே நம் மாவட்டத்தில் நடக்கிறது. சின்னமுட்டம் கிழக்குக் கணக்கில் வரும். முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் மேற்குக் கணக்கில் வரும். இந்த மாதங்களில் வள்ளங்கள் (சிறு படகுகள்) கொண்டுவரும் மீன்தான் கரைக்கு வரும், விலையும் ஏறும். அப்போது அடம்பிடித்து வாங்காமல் முட்டை, பயறு, கருவாடு என்று மாறிக்கொள்ளுங்கள். கருவாட்டை மழையில்லாத தை, மாசி மாதங்களில் வாங்கி, வீட்டிலும் ஒரு வெயில் காட்டி, ஈரமில்லாத டப்பாவில் அடைத்து வைத்தால் தடைக்காலத்துக்கு உதவும். ஆனால் உப்பு அதிகம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நன்றாக ஊறவைத்துக் கழுவி, எப்போதாவது கொஞ்சமாகச் சாப்பிடலாம்.

மீன் மலிந்த நாளில் இரண்டு நாளைக்கு வாங்கிச் சுத்தம் செய்து, ஒரு நேரத்துக்கு வேண்டிய அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே பொதியாகப் போட்டால், ஒரு கறிக்காக முழுவதையும் உருக்க வேண்டி வரும்.

படி 5: தேங்காய்

துவரன் (பொரியல்), அவியல், தீயல், மீன்கறி, சம்மந்தி (துவையல்) என்று எல்லாவற்றுக்கும் தேங்காய் வேண்டும். 2025-ல் தேங்காயும் தேங்காய் எண்ணெயும் ஏறிய ஏற்றத்தில் பல வீடுகளின் கணக்கே புரண்டுபோனது. தேங்காய் இல்லாமல் சமைக்கச் சொல்லப் போவதில்லை, அது நம் ருசியே அல்ல. ஒரு நேரத்தில் ஒரு கூட்டானுக்கு (கறிக்கு) மட்டும் தேங்காய் அரைப்பது என்று வைத்துக்கொண்டால் போதும். மீன்கறிக்கு அரைத்தால் பயற்றங்காயை வெறும் எண்ணெயில் பிரட்டுங்கள். அவியல் வைத்தால் சோற்றில் ஊற்றும் ஒழித்துக்கறிக்கு ரசம் போதும்.

வாங்கும்போது எண்ணிக்கையைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். நன்றாக விளைந்த காயை மட்டையோடு வாங்கி நிழலில் போட்டால் நாள்கணக்கில் கெடாது. உடைத்த காயில் கண் உள்ள பாதி முதலில் கெடும், அதனால் அதை முதலில் திருவுங்கள். மிஞ்சியதைத் திருவி ஃப்ரீசரில் வைத்துவிடலாம்.

படி 6: மரச்சீனியும் சக்கையும் (பலாவும்)

திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரவச் செய்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது, அன்று திருவிதாங்கூரில் இருந்த நம் பகுதியின் ஏழைக் குடும்பங்கள் பசியைத் தாங்கியது இந்தக் கிழங்கால்தான். இன்றும் ஒரு நேரச் சாப்பாட்டை இவ்வளவு மலிவாக முடிக்க வேறு பொருள் அரிது.

கிழங்கின் நுனியை ஒடித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும், நீலம் அல்லது கறுப்புக் கோடு ஓடியிருந்தால் பழசு. தோண்டி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது என்பதால் அளவாக வாங்குங்கள். தோலுரித்து நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை அவசியம் வடித்துக் கொட்டுங்கள். கிழங்கில் இயற்கையாக உள்ள நச்சுப் பொருள் அதில்தான் இறங்குகிறது. கசக்கும் கிழங்கைச் சாப்பிடவே வேண்டாம். அப்புறம் தேங்காய், சீரகம், மிளகாய், மஞ்சள் சதைத்துப் போட்டுக் கிளறி, சாளைக்கறியோடு இறக்குங்கள். மரச்சீனியில் புரதம் மிகக் குறைவு. வெறும் கிழங்கும் சம்மந்தியும் வயிற்றை நிரப்பும், குழந்தையை வளர்க்காது. பக்கத்தில் மீனோ பயறோ கட்டாயம் இருக்கட்டும்.

சக்கைக் காலத்தில் காய்க்கே செலவு செய்ய வேண்டியதில்லை. காயாக இருந்தால் துவரன், அவியல். பழமாக இருந்தால் அப்படியே. கொட்டையைக் குப்பையில் போடாமல் செம்மண்ணில் புரட்டி வைத்தால் பல வாரம் நிற்கும், முருங்கை இலையோடு கூட்டு வைக்கலாம்.

படி 7: ஒரு சமையலிலிருந்து அடுத்த சமையல்

சனிக்கிழமை ராத்திரி மரச்சீனியும் சாளைக்கறியும் வைத்தீர்கள் என்றால், ஞாயிறு காலையில் மிஞ்சிய கிழங்கைக் கடுகு தாளித்துப் பிரட்டலாம். கறி மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும், அதைப் பழங்கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளலாம். சோறு மிஞ்சினால் ஆறியதும் தாமதிக்காமல் தண்ணீர் ஊற்றுங்கள், மறுநாள் காலையிலேயே முடித்துவிடுங்கள். வாரக் கடைசியில் அரைத் தடியங்காய், இரண்டு கேரட், ஒரு துண்டுச் சேனை என்று கிடப்பதெல்லாம் அவியலுக்கு.

குறைக்கவே கூடாதவையும் உண்டு: குழந்தைகளின் பால், முட்டை, பயறு, கீரை. 100 கிராம் சிறுபயற்றில் சுமார் 24 கிராம் புரதம். வாரத்தில் இரண்டு ராத்திரி கஞ்சியும் பயறும் என்று வைத்தால் செலவும் குறையும், உடம்புக்கும் நல்லது. பழத்துக்கு ஆப்பிளைத் தேட வேண்டாம், மட்டி, பாளையங்கோட்டன், செந்துளுவன் என்று வாழையிலேயே எவ்வளவோ இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மட்டிப் பழம் நம் ஊர்ப் பழம்தான்.

படி 8: விலையின் நாள்காட்டி

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாதங்களை எழுதி, எது எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று குறித்து வாருங்கள். ஓணத்துக்கு முந்தைய வாரம் காயும் ஏத்தன் (நேந்திரன்) வாழைக் குலையும் ஏறும், அந்த வாரம் பயறையும் கிழங்கையும் நம்புங்கள். கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள் கூடுவதால் காய்க்குக் கிராக்கி, மீனுக்குக் குறையும். கிறிஸ்துமஸ் நெருங்கினால் கோழி ஏறும். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். அப்போது ஒரு வருடத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி, கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, கல்லுப்பு தூவி அழுத்திப் பரணியில் (ஜாடியில்) அடைத்து வாயைத் துணியால் கட்டிவிடுங்கள்.