சிங்கப்பூர் வானில் பறந்த போர் விமானங்களை அலமாரியில் சேர்ப்பது எப்படி?

போர்க்கால விமானங்களின் உலோக மாதிரிகளைச் சேர்க்கத் தொடங்குவோர் பெரும்பாலும் விலையையும் அழகையும் பார்த்தே முதல் மாதிரியை வாங்குகிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது, விமானத்தின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும் எழுத்துகளையும் எண்ணையும்தான். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தரமான டைகாஸ்ட் (அச்சில் வார்த்த உலோக) மாதிரி எதுவும் பொதுப்பட ஒரு ஸ்பிட்ஃபயராக வெளிவருவதில்லை. குறிப்பிட்ட படைப்பிரிவில், குறிப்பிட்ட விமானி ஓட்டிய, குறிப்பிட்ட மாதத்தில் குறிப்பிட்ட தளத்தில் நின்ற ஒரே ஒரு ஸ்பிட்ஃபயராகவே அது வெளிவருகிறது. நிறுவனத்தார் அச்சு ஒன்றைச் செய்துகொண்டு, அதில் வார்த்த உடலுக்கு மேல் வண்ணத்தையும் குறியீடுகளையும் மாற்றி மாற்றி ஆண்டுக்கணக்கில் புதிய வெளியீடுகளைக் கொண்டுவருவார்கள். எல்லை வகுத்துக்கொள்ளாமல் வாங்குபவரின் அலமாரியில் மூன்றே ஆண்டுகளில் பத்து ஸ்பிட்ஃபயர்கள் நிற்கும். அவற்றுக்குள் ஓர் உறவும் இருக்காது.

எனவே பணப்பையைத் திறப்பதற்கு முன் ஓர் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே போர்முனை, ஒரே படைப்பிரிவு, ஒரே ஆண்டு என்று எதுவாகவும் அது இருக்கலாம். சிங்கப்பூரில் வாழும் நமக்கு இயல்பாகவே ஓர் எல்லை அமைந்திருக்கிறது: இந்தத் தீவின் வானில் பறந்த விமானங்கள். 1941 டிசம்பர் 8ஆம் தேதி விடியுமுன் முதல் குண்டுகள் இங்கு விழுந்ததிலிருந்து 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சரணடைவு வரையிலான சுமார் பத்து வாரங்களுக்குள்ளேயே ஒரு சேகரிப்புக்குப் போதுமான கதை இருக்கிறது.

அந்தக் கதையின் முதல் விமானம் புரூஸ்டர் பஃபலோ. பீப்பாய்க்கு இறக்கை முளைத்ததுபோல் தோன்றும் இந்த அமெரிக்க விமானம் காலாங்கில் 243, 488 ஆகிய படைப்பிரிவுகளிடமும், செம்பவாங்கில் ஆஸ்திரேலியாவின் 453ஆம் படைப்பிரிவிடமும் இருந்தது. உடலில் டபிள்யூ-பி என்று இருந்தால் 243, என்-எஃப் என்று இருந்தால் நியூசிலாந்தின் 488, டி-டி என்று இருந்தால் 453 என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். கூடுதல் எடையும் சூடேறும் என்ஜினும் சேர்ந்து, வெப்பமண்டலத்தில் இது திணறியது. இதன் இன்னொரு வகையை வைத்துக்கொண்டு பின்லாந்து விமானிகள் குளிர்நாட்டில் பெரும் வெற்றி கண்டார்கள் என்பது விந்தைதான். ஹாங்காங்கின் ஹாபி மாஸ்டர் நிறுவனம் 1:72 அளவில், அதாவது உண்மை விமானத்தின் நீளத்தில் 72இல் ஒரு பங்காக, பஃபலோவை வெளியிட்டிருக்கிறது. அதே அச்சில் அமெரிக்க, பின்லாந்து வண்ணங்களும் வந்திருப்பதால், பெட்டியின் படத்தைப் பார்த்து ஏமாறாமல் குறியீட்டைப் படித்து வாங்க வேண்டும்.

அடுத்தது பிரிட்டனின் ஹரிக்கேன் போர் விமானம். 1942 ஜனவரி 13ஆம் தேதி கப்பலில் பெட்டிகளுக்குள் வந்திறங்கிய 51 ஹரிக்கேன்கள் இங்கு பொருத்தப்பட்டுப் போருக்கு அனுப்பப்பட்டன. அவை மத்தியக் கிழக்குக்காகத் தயாரானவை என்பதால், பாலைவன மணலைத் தடுக்கும் பருத்த வடிகட்டி ஒன்று மூக்கின் அடியில் தாடைபோல் தொங்கியது. அது வேகத்தையும் குறைத்தது. உங்கள் கையில் இருக்கும் ஹரிக்கேன் மாதிரியில் அந்தத் தாடை இல்லையென்றால், அது பெரும்பாலும் 1940இன் பிரிட்டன் போர் போன்ற ஐரோப்பியப் போர்முனையைச் சேர்ந்ததாக இருக்கும். நல்ல மாதிரிதான், ஆனால் இந்த அலமாரிக்கு உரியதன்று.

ஜப்பானியர் பக்கத்தில் ஒரு பெயர்க்குழப்பம் காத்திருக்கிறது. அன்று மலாயா வானில் கண்ட ஜப்பானியப் போர் விமானங்களை எல்லாம் நேச நாட்டு விமானிகள் ‘ஸீரோ’ என்றே அழைத்தார்கள்; அந்தப் பழக்கம் நம் பெரியவர்களின் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. உண்மையில் இங்கு அதிகம் வந்தவை ஜப்பானியத் தரைப்படைக்குச் சொந்தமான கி-27, கி-43 ஹயபூசா ஆகியவை; ஸீரோ என்பது கடற்படையின் விமானம். ஹயபூசாவின் இறக்கையில் துப்பாக்கி இல்லை, மூக்கின் மேல் இரண்டு மட்டுமே உண்டு. ஸீரோவின் இறக்கைகளில் 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் உண்டு. வாலில் அம்புக்குறி வரைந்த ஹயபூசா, 1942 மே மாதம் வங்காள விரிகுடாவில் இறந்த கட்டோ தாத்தேயோ தலைமையேற்றிருந்த 64ஆம் பிரிவைச் சேர்ந்தது. ஸீரோ எளிதில் கிடைக்கும். ஹயபூசாவைப் பிடிக்கப் பொறுமை வேண்டும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானின் செந்நிற வட்டம் பொறித்த விமானத்தை வரவேற்பறையில் வைப்பதற்கு முன் வீட்டில் இருக்கும் முதியவர்களிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது. ஜப்பானியர் ஆட்சியில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்கள் நம் குடும்பங்களில் பலருண்டு. என் பாட்டி அந்த மாதிரியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்விட்டார். அது இன்றும் என் படிப்பறையில்தான் இருக்கிறது.

இந்த எல்லையைப் போருக்குப் பின்னும் நீட்டலாம். பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர் ஒன்று கடைசியாகச் செயல்பணிக்குப் பறந்தது 1954 ஏப்ரல் 1ஆம் தேதி, 81ஆம் படைப்பிரிவிலிருந்து, நம் சிலேத்தார் தளத்திலிருந்துதான். படம் எடுக்கும் பி.ஆர். 19 வகையான அதில் துப்பாக்கி கிடையாது என்றாலும், இந்தச் சேகரிப்பை முடித்துவைக்க அதைவிடப் பொருத்தமான விமானம் எனக்குத் தெரியவில்லை.

அளவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1:72 என்பது ஓர் அங்குலத்துக்கு ஆறு அடி என்ற கணக்கு. போர்க்காலத்தில் எதிரி விமானத்தை அடையாளம் காணப் பயிற்சி அளிக்கப் பயன்படுத்திய மாதிரிகளும் இதே அளவில்தான் செய்யப்பட்டன. 11.23 மீட்டர் இறக்கை அகலமுள்ள ஸ்பிட்ஃபயர் இந்த அளவில் 15.6 சென்டிமீட்டராகும், 1:48இல் 23.4 சென்டிமீட்டராகும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் அலமாரித் தட்டு ஒன்றில் 1:72 விமானங்கள் ஐந்தாறு தாராளமாக நிற்கும். 1:48 என்றால் மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு அளவுகளையும் ஒரே தட்டில் கலந்து வைத்தால் கண் எதையும் ஒப்பிட முடியாமல் தடுமாறும். ஆகவே ஓர் அளவில் உறுதியாக இருங்கள், என் தேர்வு 1:72. இந்த அளவில் ஹாபி மாஸ்டர், பிரிட்டனின் கார்கி, விலை குறைந்த ஆக்ஸ்ஃபர்ட் ஆகியவை நம்பி வாங்கத்தக்கவை. இதழ்களோடு பகுதி பகுதியாக வெளிவந்த மலிவுத் தொடர்களில் வண்ணம் தடிப்பாக இருக்கும். ஆனாலும் வேறெங்கும் கிடைக்காத விமானம் சில நேரங்களில் அவற்றில்தான் அகப்படும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் முதன்மையானது, குறியீடுகள் காலத்தோடு பொருந்துகின்றனவா என்பது. அமெரிக்கர்கள் 1942 மே மாதத்தில் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் புள்ளியை நீக்கினார்கள். ஜப்பானிய வட்டத்தோடு மயங்கிச் சொந்த விமானத்தையே சுட்டுவிடக்கூடாது என்பதே காரணம். அதே காரணத்தால் தென்கிழக்காசியாவில் பிரிட்டிஷ் விமானங்களின் வட்டத்திலிருந்தும் சிவப்பு பின்னர் மறைந்தது. ஆகவே 1942 ஜனவரியின் சிங்கப்பூர் பஃபலோவில் சிவப்பு இருக்க வேண்டும், 1944இன் பர்மா ஸ்பிட்ஃபயரில் இருக்கக்கூடாது. இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் இருந்தால் அது 1944 ஜூன் மாத நார்மண்டித் தரையிறக்கத்தை ஒட்டிய விமானம். ஜெர்மானிய விமானங்களின் வாலில் ஸ்வஸ்திகா விடுபட்டிருந்தால் குறை என்று எண்ண வேண்டாம். சில நாடுகளின் சட்டத்தை முன்னிட்டுப் பல நிறுவனங்கள் அதை அச்சிடுவதில்லை.

அதன் பிறகு பொருளின் உடல்நிலை. பழைய மாதிரியை இணையத்தில் வாங்குவதென்றால், விற்பவரிடம் நான்கு கோணங்களில் படம் கேளுங்கள். மூக்கு, வால் முனை, இறக்கை உடலோடு சேரும் இடம், வயிற்றுப்பகுதி. கம்பிபோல் நீளும் ஆண்டெனாவும் இறக்கையில் நீட்டிக்கொண்டிருக்கும் வேகமானிக் குழாயும்தான் முதலில் முறியும். பெட்டிக்குள் சக்கரங்கள், குண்டுகள், விமானி உருவம், தாங்கி ஆகிய தனிப்பாகங்கள் அனைத்தும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஈசூனில் ஒரு வீவக அடித்தளத்தில் நின்றுகொண்டு, மழை வரப்போகிறது என்ற அவசரத்தில் பெட்டியைத் திறக்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பார்த்தபோது தரையிறங்கும் சக்கரம் ஒன்று இல்லாததைக் கண்டேன். அந்த ஸ்பிட்ஃபயர் அன்றிலிருந்து தாங்கியில் பறந்துகொண்டே இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் வரியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2023 முதல், 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் பொருள், சேவை வரி உண்டு. இங்குப் பதிவுசெய்துள்ள வெளிநாட்டு விற்பனையாளர் அதை விற்கும்போதே வசூலித்துவிடுவார். 2024 முதல் வரி விகிதம் 9 விழுக்காடு. 400 வெள்ளியைத் தாண்டினால் சரக்கு இங்கு வந்துசேரும்போது கட்ட வேண்டியிருக்கும். அந்த மதிப்பில் அஞ்சல் கட்டணமும் காப்புறுதியும் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனி, நம் ஊரில் சேகரிப்பவருக்கு உண்மையான எதிரியைப் பற்றி. இந்த மாதிரிகள் துத்தநாகத்தோடு ஏறத்தாழ 4 விழுக்காடு அலுமினியமும் சிறிதளவு பிற உலோகங்களும் கலந்த உலோகக்கலவையால் வார்க்கப்படுகின்றன. வார்க்கும்போது ஈயம், வெள்ளீயம் போன்றவை மாசாகக் கலந்துவிட்டால், உலோகம் உள்ளுக்குள்ளேயே மெல்லச் சிதையும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். போருக்கு முந்தைய டிங்கி பொம்மை விமானங்கள் பல இவ்வாறுதான் உதிர்ந்துபோயின. மயிரிழை வெடிப்பு, வண்ணத்தில் கொப்புளம், இறக்கை வளைவது ஆகியவை அதன் அறிகுறிகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இது தொற்றும் என்று சொல்வார்கள், அது தவறு. கோளாறு அந்தந்த வார்ப்புக்குள்ளேயே பிறப்பது, மருந்தும் கிடையாது. நம்மால் முடிந்தது ஈரத்தைக் குறைப்பது மட்டுமே.

சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மாதிரிகளுக்கு 45 முதல் 50 விழுக்காடு வரை போதும். படக்கருவிகளை வைக்கும் மின் உலர்பெட்டி ஒன்று இருந்தால் கவலை இல்லை. இல்லாதவர்கள் இறுக மூடும் கண்ணாடி அலமாரியும் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பதமானியும் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம், ஆனால் சிலிக்கா ஜெல்லை மாதம் ஒருமுறை காயவைக்கவோ மாற்றவோ வேண்டும். இரவு முழுதும் குளிரூட்டி ஓடிவிட்டுப் பகலில் சன்னல் திறக்கும் அறை மிக மோசமானது, ஏனெனில் குளிர்ந்த உலோகத்தின்மேல் ஈரம் பனியாகப் படியும். மேற்குப் பார்த்த சன்னலும் வேண்டாம். விமானி அறையின் ஒளிபுகும் மூடி மஞ்சளாகும், வண்ணம் வெளிறும்.

தூசியை ஒப்பனைத் தூரிகையால் முன்னிருந்து பின்னாக மட்டும் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம்; சாராயக் கரைசல் அச்சிட்ட எழுத்துகளைக் கரைத்துவிடக்கூடும். பருத்திக் கையுறை ஆண்டெனாவில் சிக்கும் என்பதால், கழுவித் துடைத்த கையே மேல். தூக்கும்போது இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பிடியுங்கள். சக்கரத்தண்டு துளைக்குள் போகவில்லையென்றால் அழுத்தாமல், முடி உலர்த்தியின் மிதமான வெப்பத்தை அரை நிமிடம் காட்டிவிட்டு மறுபடி முயலுங்கள். ரப்பர் சக்கரங்கள் நேரடியாக வண்ணப் பலகையில் நின்றால் ஆண்டுகள் போகப்போகக் கறை படியும். அடியில் கண்ணாடித் துண்டு ஒன்றை வையுங்கள்.

பெட்டிகளை எறியக்கூடாது; மறுவிற்பனையில் பெட்டி இல்லாத மாதிரிக்கு மதிப்புக் குறையும், வீடு மாறும்போதும் அதைவிடப் பாதுகாப்பான உறை கிடையாது. புதிய வீவக வீடுகளில் உள்ள இரும்புக் கதவுக் காப்பறையில் பெட்டிகளை அடுக்குவோர் பலர். விமானத் தாக்குதலுக்கு அஞ்சிக் கட்டிய அறையில் விமானங்களின் பெட்டிகள் என்பது சிரிப்பூட்டும் பொருத்தம்தான். ஆனால் அங்குக் காற்றோட்டம் குறைவு, அட்டையில் பூஞ்சை பூக்கும். பெட்டிகளைத் தரையில் வைக்காமல் தட்டில் வைத்து, ஒவ்வொன்றையும் நெகிழிப் பையில் சிலிக்கா ஜெல்லுடன் கட்டிவையுங்கள். அதே பைக்குள் ஒரு சீட்டும் இருக்கட்டும்: விமானத்தின் குறியீடு, படைப்பிரிவு, தளம், நாள், நீங்கள் வாங்கிய இடம், கொடுத்த விலை. என் பஃபலோவின் சீட்டில் ‘காலாங், 1942 ஜனவரி’ என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பழைய விமான நிலையத்தின் கட்டடம் இன்றும் அங்கேயே நிற்கிறது.