குறுகிய பட்டை ஒளி ரிசீவர்: 1 கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்று செய்வோம்

ஃபைபரில் வேகமாக எது வந்தாலும் பூஜ்யத்திலிருந்து பல கிகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் ரிசீவர் வேண்டும் என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். ரேடியோ சிக்னலை ஃபைபர் வழியே அனுப்பும்போது தகவல் ஒரு கேரியரின் (அதைச் சுமக்கும் ஒரே அதிர்வெண் அலையின்) மேல் ஏறி வரும். அதைச் சுற்றியுள்ள அதிர்வெண் பட்டை மட்டும் கிடைத்தால் போதும். அதற்கு, போட்டோடயோடின் கெபாசிட்டன்ஸோடு இணையாக ஒரு இண்டக்டரை (கம்பிச்சுருளை) வைப்போம். இரண்டும் ஒரு அதிர்வெண்ணில் ஒத்திசைந்து, அங்கே சிக்னல் சிகரமாக எழும். (சாதாரண ஒன்று-பூஜ்ய பிட்டுகளுக்கு இந்த வழி ஒத்துவராது.)

படி 1: கெபாசிட்டன்ஸைக் கூட்டுங்கள். 1550 நானோமீட்டர் ஒளிக்கு இண்டியம் காலியம் ஆர்சனைடு போட்டோடயோடு (ஒளியை மின்னோட்டமாக்கும் பாகம்) எடுத்துக்கொள்வோம். டேட்டாஷீட்டில் அதன் கெபாசிட்டன்ஸ் 0.7 பிக்கோஃபாரட் என்று இருக்கும். அதை மட்டும் நம்பி நான் ஒருமுறை 36 நானோஹென்றி இண்டக்டர் வைத்தேன். சிகரம் 840 மெகாஹெர்ட்ஸில் போய் உட்கார்ந்துகொண்டது. போர்டும் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீடும் சேர்ந்து இன்னொரு 0.3 தந்திருந்தன. ஆக மொத்தம் 1 பிக்கோஃபாரட்.

படி 2: இண்டக்டர். அதிர்வெண்ணை 2π-ஆல் பெருக்கி, அந்த விடையை அதனாலேயே பெருக்கி (வர்க்கம்), கெபாசிட்டன்ஸாலும் பெருக்குங்கள். 1-ஐ அந்த விடையால் வகுத்தால் 25.3 நானோஹென்றி. கடையில் கிடைப்பது 24, சிகரம் 1.027 கிகாஹெர்ட்ஸுக்கு நகரும். இருக்கட்டும்.

படி 3: இண்டக்டருக்கு இணையாக ரெசிஸ்டர். விஷயமே இங்கேதான். 50 ஓம் போட்டால் பட்டை தாராளமாக விரியும், ஆனால் வெப்ப இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு (இரைச்சலை அளக்கும் வழக்கமான அலகு) 18 பிக்கோஆம்பியர். 1 கிலோ ஓம் போட்டால் 4 தான். இண்டக்டர் இல்லாவிட்டால் அந்த 1 கிலோ ஓம் 159 மெகாஹெர்ட்ஸுடன் படுத்துவிடும். இண்டக்டர் வந்ததும் அதே 159 மெகாஹெர்ட்ஸ் அகலம் அப்படியே எழுந்துபோய் 1 கிகாஹெர்ட்ஸைச் சுற்றி அமர்கிறது. அகலம் கூடவில்லை, இடம்தான் மாறியது. 27 மெகாஹெர்ட்ஸ் நகர்வுக்கு நான் அலட்டிக்கொள்ளாததும் அதனால்தான்.

படி 4: ஆம்ப்ளிஃபையர். கையில் இருக்கிறதே என்று 50 ஓம் உள்ளீடு கொண்டதை நேரடியாக இணைக்காதீர்கள். 1 கிலோ ஓமால் கிடைத்த லாபம் முழுக்கப் போய்விடும். உள்ளீட்டு மின்தடை அதிகமுள்ள எஃப்.இ.டி. (ஒரு வகை டிரான்சிஸ்டர்) போடுங்கள்.

படி 5: சோதனை. இதற்கு லேசர்கூட வேண்டாம். டயோடுக்கு ரிவர்ஸ் பயாஸ் (எதிர்த்திசை மின்னழுத்தம்) கொடுத்து, இருட்டில் வைத்து, வெளியீட்டை நன்றாகப் பெருக்கி ஸ்பெக்ட்ரம் அனலைசரில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் கருவி) பாருங்கள். ரெசிஸ்டரின் இரைச்சலே ஒரு மேடாகத் தெரியும். மேடு 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே நின்றால் இண்டக்டரைக் குறையுங்கள். மேடே இல்லாமல் தட்டையாக இருந்தால், சர்க்யூட்டில் எங்கோ ஒரு 50 ஓம் ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள்.