சங்கத்துக்குள் ஒரு போராட்டக் குழு: கலைந்துபோகாமல் நடத்துவது எப்படி?

நூலகர் சங்கத்துக்குள் ஒரு போராட்டக் குழுவைத் தொடங்குவது பெரிய வேலையில்லை. ஒரு மாநாடும் கோபத்தோடு நாலு பேரும் இருந்தால் அன்று மாலையே குழு பிறந்துவிடும். அதைப் பத்து வருஷம் உயிரோடு வைத்திருப்பதுதான் பெரும்பாடு. அப்படியொரு குழுவின் செயலாளராக இருந்தவள் நான். எதிர்ப்பு வந்தபோதெல்லாம் எங்கள் ஆட்கள் கூடினார்கள். கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள், இல்லாமல் கூட்டங்கள் தள்ளிப்போனபோதுதான் குழு தேய்ந்தது.

அதனால் முதலில் சங்கத்தின் பைலாவை, அதாவது அதன் விதிமுறைகளை, வரி விடாமல் படியுங்கள். குழு அமைக்க எத்தனை கையெழுத்து வேண்டும், குறைந்தபட்சம் எத்தனை உறுப்பினர் இருக்க வேண்டும், குழுவைக் கலைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, இதெல்லாம் தலைவருக்கும் செயலாளருக்கும் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். யார் பெயரில் அறிக்கை விடலாம் என்பதையும் பாருங்கள். சங்கத்தின் பெயரால் பேசும் உரிமை பெரும்பாலும் சங்கத்தின் முடிவுகளை எடுக்கும் கவுன்சிலுக்குத்தான் இருக்கும். குழுவின் அறிக்கையில் குழுவின் பெயர் மட்டும் இருக்கட்டும். இதில் தவறினால் பிரச்சினை மறந்துபோய், விதிமீறல் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள்.

அடுத்தது, எந்தக் கூரையின் கீழ் இருப்பது? அமெரிக்க நூலகச் சங்கத்தில் இரண்டு வழிக்கும் முன்மாதிரி உண்டு. அங்கே 1969-ல் சமூகப் பொறுப்பு வட்டமேசை (வட்டமேசை என்பது சங்கத்துக்குள் இயங்கும் ஒரு பிரிவு) உருவானது. அடுத்த ஆண்டே தன்பாலின உரிமைக்கான பணிக்குழு அதற்குள் பிறந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த நிழலில் வளர்ந்து, 1999-ல் தனி வட்டமேசையானது. கறுப்பின நூலகர்களோ ஈ. ஜே. ஜோசியின் தலைமையில் 1970-ல் தங்களுக்கென்று ஓர் அமைப்பையே கட்டினார்கள். அது இன்று சொந்த நிதியோடு இயங்கும் தனி அமைப்பு, சங்கத்தோடு இணைப்பும் உண்டு. ஆள் குறைவாக இருக்கும் வரை உள்ளே இருப்பதுதான் நல்லது என்பேன். தேர்தல், வரவு செலவு, கூட்ட அறை எல்லாவற்றையும் தாய் அமைப்பு பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு அறிக்கைக்கும் அனுமதி கேட்டு நிற்க வேண்டிய நிலை வந்தால், வெளியே ஓர் அமைப்பைப் பதிவு செய்யத் தயங்காதீர்கள்.

தீர்மானம் எழுத ஜோசியிடமே பாடம் படிக்கலாம். 1964-ல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கறுப்பின நூலகர்களைச் சேர்த்துக்கொள்ளாத மாநிலச் சங்கங்கள் அப்போது இருந்தன. "நிறவெறியைக் கண்டிக்கிறோம்" என்று எழுதியிருந்தால் எல்லோரும் கைதட்டிவிட்டு எழுந்து போயிருப்பார்கள். அவர் கேட்டது வேறு: தேசியச் சங்கத்தின் கிளையாக இருக்க முழுத் தகுதி இல்லாத மாநிலச் சங்கங்களின் கூட்டங்களுக்கு, தேசியச் சங்கத்தின் நிர்வாகிகளும் ஊழியர்களும் பதவி முறையிலோ சங்கத்தின் செலவிலோ போகக்கூடாது. யார், எங்கே, யார் பணத்தில் என்று மூன்றும் அதில் இருந்தன. தீர்மானம் நிறைவேறியது. இருபது ஆண்டு கழித்து அதே ஜோசி அந்தச் சங்கத்தின் தலைவரானார்! உங்கள் தீர்மானத்திலும் யார் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். வழிமொழிய ஆளை முன்கூட்டியே பேசி வையுங்கள், கவுன்சில் உறுப்பினர்களிடம் முதல் நாளே பிரதியைக் கொடுத்துவிடுங்கள்.

பணத்துக்குச் சிறிய சந்தா போதும், ஆனால் கணக்கை ஆண்டுதோறும் வாசித்துக் காட்டுங்கள்.

அப்புறம், ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஒரு வேலை குழுவுக்கு வேண்டும். அந்தத் தன்பாலின உரிமைப் பணிக்குழு 1971-லேயே புத்தக விருது ஒன்றைத் தொடங்கியது. விருது என்றால் நடுவர்கள் வேண்டும், அவர்கள் படிக்க வேண்டும், கூட வேண்டும். சூடான பிரச்சினை இல்லாத ஆண்டிலும் புது ஆட்கள் உள்ளே வர அது ஒரு வாசல். 1971 முதல் 1986 வரை அந்தக் குழுவை நடத்திய பார்பரா கிட்டிங்ஸ் தொழில்முறை நூலகரே இல்லை. உறுப்பினர் தகுதியைப் பட்டத்தோடு கட்டிப்போடாதீர்கள் என்று நான் வாதாடுவது அவரை நினைத்துத்தான்.

ஆனால் எல்லாக் குழுவுக்கும் ஒரு கிட்டிங்ஸ் கிடைப்பதில்லை. பொறுப்புக்கு இரண்டு ஆண்டு என்று வரம்பு வையுங்கள். துணைத் தலைவரே அடுத்த தலைவர் என்று பைலாவில் எழுதிவிடுங்கள். மினிட்ஸ், கணக்கு, பாஸ்வேர்டு எல்லாம் எப்போதும் இரண்டு பேரிடம் இருக்கட்டும். பொறுப்பு மாறும் அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.